ஆறாவது கோடு

கோட்டை அழித்த பிறகும் கோடு அங்கேயே இருந்தது.

திரையில் ஒட்டியிருக்கும் தூசி என்றுதான் கிருஷாந்தி முதலில் நினைத்தாள். சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. முதல் கட்டத்தின் வெள்ளைப் பரப்பில், பென்சிலை அழுத்தாமல் இழுத்ததுபோல, சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று. அதில் ரம்பத்தில் இருப்பதுபோல மூன்று சின்னப் பற்கள். பிறகு ஓர் இடைவெளி. மறுபடி மூன்று பற்கள்.

சனிக்கிழமை. ஈப்போ பழைய நகரத்தில், காப்பிக்கடைக்கு மேல் மாடியிலிருந்த அந்தச் சின்ன அலுவலகம் மத்தியானத்தோடு காலியாகிவிட்டது. முதலாளி தியாகராஜா ஒரு கல்யாணத்துக்காகக் கோலாலம்பூர் போயிருந்தார். கீழே காப்பிக்கொட்டை வறுபடும் கரிந்த இனிப்பு வாசம் படிக்கட்டு வழியாக ஏறி வந்து, ஈரத் தரைவிரிப்பின் புளித்த வாடையோடு கலந்து அறை முழுவதும் நின்றது. குளிர்சாதனத்திலிருந்து கசியும் தண்ணீர் அடியில் வைத்த பெயின்ட் வாளியில் டொக், டொக் என்று விழுந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக் குன்றுகளின் தலையை மழைமேகம் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது.

அந்த நிறுவனத்தின் தொழில் மண்ணைக் கண்காணிப்பது. வீடுகள் கட்டுமிடங்களில் தரையில் அதிர்வுமானிகளைப் புதைத்து, மண் அசைகிறதா, சரிகிறதா என்பதைக் கணினியில் ஓடும் கோடுகளாகக் காட்டுவார்கள். தஞ்சோங் ரம்புத்தானுக்கு அப்பால், ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை வைத்து, பிறகு செம்பனையையும் வெட்டி வீடு கட்டக் கொடுத்துவிட்ட ஒரு பழைய தோட்டத்தில் ஆறு கருவிகள் புதைத்திருந்தார்கள். திரையில் ஆறு கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்; ஒவ்வொன்றிலும் ஒரு கோடு இடப்பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும். முதல் கோடு குழியோரத்துக் கருவியுடையது. மற்றவை செம்மண் பாதை நெடுகப் புதைத்தவை. ஆறாவது, பெரிய சாலையைத் தொடும் இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

குழி என்றால், பவித்ரன் போன குழி. மண் தோண்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு காலையில் அவனுக்குக் கீழே தரை வாயைத் திறந்தது. இயந்திரத்தோடு உள்ளே போய்விட்டான். அந்தப் பக்கத்து மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பொந்துகளும், ரப்பருக்கும் முந்திய காலத்து ஈயச் சுரங்கங்களும் எப்படியெல்லாம் போகின்றன என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தேடினார்கள். விளிம்பு சரிந்து சரிந்து விழுந்தது. இன்னும் ஓர் உயிர் போய்விடும் என்று தேடுவதை நிறுத்தி, கல்லும் மண்ணும் கொட்டிக் குழியை மூடினார்கள். உடல் கிடைக்கவே இல்லை. தேடியவர்களின் காலடியில் மண் மறுபடி சரிகிறதா என்று பார்க்க அவசரமாகப் புதைத்தவைதான் இந்த ஆறு கருவிகளும்.

அப்போது திரை திக்கித் திக்கி ஓடியது என்று புகார் வந்திருந்தது. அதைச் சரிசெய்யத்தான் நிரல் எழுதும் கிருஷாந்தியிடம் வேலையைக் கொடுத்திருந்தார் தியாகராஜா. பழைய நிரல் ஒவ்வொரு தடவையும் படம் முழுவதையும் அழித்துவிட்டு, சட்டம், எண்கள், கட்டக்கோடுகள், தலைப்பு என எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைந்தது. மாறுவது ஓடுகிற கோடு மட்டும்தான். அதற்காக மாறாத அத்தனையையும் திரும்பத் திரும்ப வரைந்து கணினி மூச்சு வாங்கியது. ஒரு படத்தை வரைந்து முடிப்பதற்குள் வந்து சேரும் அதிர்வுகளைக் கோப்பில் சேமித்துவிட்டு, திரையில் காட்டாமலே தாண்டிப் போய்விடும்.

அவள் செய்த மாற்றம் சின்னது. மாறாதவற்றை ஒரே ஒரு தடவை வரைந்து, அதை அப்படியே பிரதி எடுத்து வைத்துக்கொள்வது. பிறகு ஒவ்வொரு தடவையும் அந்தப் பிரதியை மேலே ஒட்டினால் பழைய கோடு மறைந்துவிடும். புதுக் கோட்டை மட்டும் வரைந்தால் போதும்.

மறைய வேண்டிய கோடு மறையவில்லை. அவ்வளவுதானே. காரணத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. பிரதி எடுக்கும் கணத்தில் ஓடும் கோட்டை மறைத்து வைக்க மறந்திருந்தாள். அதுவும் பின்னணியோடு சேர்ந்து பதிந்துவிட்டது. படத்தின் அளவை மாற்றும்போதெல்லாம் நிரல் புதுப் பிரதி எடுக்கும். அவள் சோதனைக்காக மூன்று நான்கு தடவை மாற்றியிருந்தாள். எடுத்த எல்லாப் பிரதிகளையும் திறந்து பார்த்தாள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் கோடு உறைந்திருந்தது. ஒவ்வொன்றிலும் அதே மூன்று பற்கள் இருந்தன.

பிழையைத் திருத்தினாள். கோடு சுத்தமாக அழிந்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

சோதனைக்கு அவள் ஓட்டிக்கொண்டிருந்தது, தேடல் நடந்தபோது பதிவான கோப்பு. அதை மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓட்டினாள். இப்போது ஆறு கோடுகளும் எண்ணெய் தடவியதுபோல வழுக்கிக்கொண்டு போயின. பழைய நிரலில் வெறும் நடுக்கமாகத் தெரிந்தது இப்போது தனித்தனியாகப் பிரிந்தது. தண்ணீர் இறைக்கும் பம்பின் இரைச்சல் பஞ்சுபோல அடியில் பரவியிருந்தது. மேலே நடக்கும் ஆட்களின் காலடிகள் மொட்டை மொட்டையாகத் தெரிந்தன. இரண்டுக்கும் நடுவே, மிகச் சன்னமாக, மூன்று பற்கள். பிறகு ஒரு நீண்ட இடைவெளி. இரண்டு. நின்று, களைத்து, மூன்றாவது.

யாரோ இரும்பால் இரும்பைத் தட்டியிருக்கிறார்கள்.

கிருஷாந்தி கையைச் சுட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோப்பு தானாக ஓடிக்கொண்டிருந்தது. தட்டல் தளர்ந்துகொண்டே போவதை அவள் பார்த்தாள். இடைவெளிகள் நீண்டன. பற்கள் தேய்ந்தன. ஓர் இடத்தில் ஒன்றே ஒன்று வந்தது. அதற்குப் பிறகு பம்பின் பஞ்சு மட்டும் இருந்தது.

தேடல் நடந்தபோது போட்டிருந்த கூடாரத்தில் அத்தனை பேர் இந்தத் திரையைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். திரை திக்கிக்கொண்டிருந்தது. திக்கிய ஒவ்வொரு இடத்திலும் அவன் தட்டிக்கொண்டிருந்தான்.

குழியை மூடிய கொஞ்ச நாளில் பவித்ரனின் மனைவி சரளா அலுவலகத்துக்கு வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அழவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த மிசினில் ஏதாவது கேட்டதா என்று மட்டும் விசாரித்தாள். ஒன்றும் கேட்கவில்லை என்று தியாகராஜா சொன்னார். கிருஷாந்தி அவளுக்கு ஒரு கிளாஸ் மைலோ கலக்கிக் கொடுத்தாள். சரளா முழுவதையும் குடித்துவிட்டு, கிளாஸைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

வெளியே வெளிச்சம் மங்கியிருந்தது. கீழே கடையின் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. முதலாளி வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், இப்போது வீட்டுக்குப் போய்விடலாம் என்று கோப்பை மூடினாள். மூடியதும் நிரல், அவள் எழுதியிருந்தபடியே, தோட்டத்திலிருந்து அந்தக் கணம் வந்துகொண்டிருக்கும் நேரடி அதிர்வுக்கு மாறியது.

முதல் கோட்டில் மூன்று பற்கள் எழுந்தன.

கோப்பு சரியாக மூடவில்லை என்று நினைத்தாள். பார்த்தாள். மூடித்தான் இருந்தது. நிரலையே நிறுத்தி மறுபடி திறந்தாள். ஆறு கட்டங்களும் வெறுமையாக வந்து, வலப்புறத்திலிருந்து கோடுகள் நுழைந்தன. முதல் கோட்டில் மூன்று. இடைவெளி. மூன்று.

குழிக்கு மேலே லாரி லாரியாக மண் கொட்டியிருந்தார்கள்.

பாதையின் நடுவில், நான்காவது கோட்டில் வேறு அதிர்வு ஒன்றும் இருந்தது. கனமான காலடிகள், ஒரு பெட்டியைக் கீழே வைப்பதுபோன்ற ஓர் இடி. தனேஸ்வரன். கருவிகளின் பேட்டரியை மாற்ற அவர் இன்று தோட்டத்துக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தார். இருபது வருடமாக இந்த வேலையில் இருப்பவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். அவரை அழைத்தாள்.

"அண்ணே, குழி பக்கம் ஏதாச்சும் மிசின் ஓடுதா?"

"சனிக்கிழமைலா. யாரு இருக்கா? பேட்டரி மாத்திட்டு மழைக்கு முன்னாடி கிளம்பலாம்னு பாக்குறேன். சரளாதான் கேட்டுக்கு வெளிய உக்காந்திருக்கு, எப்பவும்போல. சொன்னா கேக்க மாட்டேங்குது."

குழியோரம் வரை போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கைகளில் சேறு, போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன் என்றார். அவருடைய காலடிகள் மூன்றாவது கோட்டுக்கு வந்தன. பிறகு இரண்டாவதுக்கு. திரையில் மொட்டை மொட்டையாக அவர் நடந்துபோவதை அவள் பார்த்தாள். அதே நடை போனுக்குள் சளக் சளக்கென்று கேட்டது. பின்னாலேயே இன்னொரு நடை, மெல்லியது, வேகமானது. குடை எடுத்துக்கொண்டு சரளாவும் வந்துவிட்டாள், நனையாதீங்க அண்ணே என்கிறாள் என்று தனேஸ்வரன் சொன்னார்.

முதல் கோட்டில் அவர் வந்து நின்றார்.

தட்டல் நின்றது.

குளிர்சாதனத்தின் சொட்டு வாளியில் விழுந்தது. மறுபடி விழுந்தது. மழை ஈப்போவுக்கும் வந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் முதல் துளிகள் சாய்வாக ஓடின.

"ஒண்ணும் இல்லையே, கிருஷா. புல்லு மொளச்சிருக்கு. அவ்ளோதான்."

"அண்ணே, தரையில ரெண்டு தடவ மிதிங்க."

அவர் மிதித்தார். திரையில் இரண்டு பெரிய பற்கள் எழுந்தன.

கோடு நேராக நகர்ந்தது. நகர்ந்தது. பிறகு, அவருடையதைவிடச் சின்னதாக, அவர் விட்ட அதே இடைவெளியோடு, இரண்டு பற்கள்.

என்ன தெரிகிறது என்று தனேஸ்வரன் கேட்டார். போனுக்குள் மழையின் இரைச்சலும், குடைத் துணியின் படபடப்பும் கேட்டன. அதற்கு மேலே இன்னொரு குரல், அவசரமில்லாமல்.

"தங்கச்சி, அவரு தட்டுறாரா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு, அண்ணே அவங்களக் கூட்டிட்டு வந்துடுங்க என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். ஆனால் கழுவிக் கவிழ்த்து வைத்த அந்தக் கிளாஸ்தான் கிருஷாந்தியின் கண்முன் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை என்ற பொய்யை இந்தப் பெண்ணிடம் இன்னொரு தடவை, அதுவும் தன் வாயால், சொல்ல அவளால் முடியவில்லை.

"ஏதோ தட்டுது, அக்கா," என்றாள்.

குடை கீழே விழுந்தது. முதல் கோட்டில் வேகமான காலடிகள் எழுந்தன. வேணாம்லா சரளா, இந்த மண்ணு நிக்காது, ஆளுங்களக் கூப்பிடுவோம் என்று தனேஸ்வரன் சொல்லிக்கொண்டே அவள் பின்னால் போனார். மண்வெட்டிகள் வைத்திருந்த கொட்டகையின் தகரக் கதவு அதிர்ந்தது. பிறகு மண்வெட்டி விழும் சத்தம். திரையில் ஒரு புதுப் பல், உயரமாக, கூர்மையாக. அடுத்தது. அடுத்தது. சரளா வெட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது மண்வெட்டியும் சேர்ந்துகொண்டது. தனேஸ்வரனால் சும்மா நிற்க முடியவில்லை.

அடியிலிருந்து தட்டல் மறுபடி கிளம்பியது. மூன்று. இடைவெளி. மூன்று.

அழைக்க வேண்டும். யாரை? மீட்புப் படை எண்ணைத் தேடக் கை போனது. தேடிக்கொண்டே அவள் இன்னொரு கட்டத்தைத் திறந்து, பழைய பதிவிலிருந்த பவித்ரனின் தட்டலை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவனுடையதுதான் இது என்று ஒரு தடவை உறுதி செய்துகொண்டால், தான் செய்தது சரியென்று ஆகிவிடும் என்பதுபோல.

பவித்ரனுடைய பற்கள் கோணல்மாணலாக இருந்தன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கை ஓய்ந்து, வலித்து, தூங்கிப்போய், திடுக்கிட்டு விழித்துத் தட்டிய ஒரு மனிதனின் தட்டல்.

நேரடிக் கோட்டில் மூன்றும் ஒரே உயரம். ஒரே இடைவெளி. அடுத்த மூன்றும் அப்படியே. அதற்கடுத்ததும். களைப்பே இல்லை. கீழே எதுவோ அவன் தட்டியதை நாள்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்து, அவன் நிறுத்திய பிறகு, கற்றுக்கொண்டதைத் தட்டிப் பார்ப்பதுபோல.

"அண்ணே," என்றாள். "அண்ணே, வெட்டாதீங்க. அது அவரு இல்ல."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. போன் சட்டைப்பையில் நனைந்துகொண்டிருந்தது. கத்தினாள். காலியான அலுவலகத்தில் அவளுடைய குரலே அவளுக்கு அந்நியமாகக் கேட்டது.

மேலிருந்து வெட்டு. கீழிருந்து தட்டு. வெட்டு. தட்டு. கீழிருந்து வரும் பற்கள் வளர்ந்தன. ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் உயரமாக. அது மேலே வந்துகொண்டிருந்தது. திரை ஒரு துளிகூடத் திக்கவில்லை. அவள் எழுதிய நிரல் ஒன்றையும் தாண்டாமல், ஒன்றையும் மறைக்காமல், எல்லாவற்றையும் காட்டியது.

இரண்டாவது கோட்டிலும் மூன்று பற்கள்.

அங்கே யாரும் வெட்டவில்லை.

மூன்றாவதிலும். நான்காவதிலும். பாதை நெடுக, செம்மண்ணுக்கு அடியில், ஒரே நேரத்தில். ஒரு மனிதன்தான் அந்தக் குழியில் விழுந்தான்.

வெட்டும் தட்டும் ஒரே புள்ளியில் சந்தித்தன. ஒரே பல்லாக எழுந்தன. ஆறு கோடுகளும் தட்டையாகின.

போனுக்குள் மழை. யாரோ மூச்சு வாங்குவது. மண்வெட்டி நழுவிச் சேற்றில் விழுவது. சரளாவின் குரல், குழந்தையை எழுப்புவதுபோல அவ்வளவு மெதுவாக, ஏங்க, கையக் குடுங்க என்றது.

பிறகு ஒன்றுமில்லை.

பிறகு அதே குரல், வேறு மாதிரி.

"அண்ணே. இத்தன கையி யாருது?"

இணைப்பு அறுந்தது. கிருஷாந்தி மறுபடி அழைத்தாள். மணி போகவில்லை. மறுபடி அழைத்தாள். தூரத்துப் பள்ளிவாசலில் அந்தி நேரத்து மக்ரிப் பாங்கு தொடங்கி, மழையில் கரைந்தது. அறை இருட்டியிருந்தது. திரை மட்டும் வெள்ளையாக. அவள் முகத்தில், கைகளில், அந்த வெள்ளை.

முதல் கோடு அசைந்தது.

காலடி. ஒன்று. அதை ஒட்டி இன்னொன்று. தனேஸ்வரனின் கனம் அதில் இல்லை. சரளாவின் வேகமும் இல்லை. வெறுங்கால்கள். மண்ணில் மெத்தென்று பதியும் கால்கள். குழியோரத்திலிருந்து இரண்டாவது கோட்டுக்கு. பின்னாலேயே மேலும் இரண்டு கால்கள். அவற்றின் பின்னால் மேலும். விடியற்காலையில் தோட்டத்து ஆட்கள் வரிசையாக வேலைக்குக் கிளம்புவதுபோல, அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக.

மூன்றாவது கோடு. நான்காவது. ஐந்தாவது.

எண்ண முயன்றாள். விட்டுவிட்டாள்.

ஆறாவது கோடு நடுங்கத் தொடங்கியது. கேட்டைத் தாண்டுகிறார்கள். அதற்கப்பால் கருவி இல்லை. சாலைதான். பற்கள் நெருங்கின, ஒன்றோடொன்று ஒட்டின, நடுவில் வெள்ளையே தெரியாமல் கோடு தடித்துக் கறுத்தது. மேல் விளிம்பைத் தொட்டது. கீழ் விளிம்பைத் தொட்டது. கட்டம் முழுவதும் கறுப்பு.

முதல் கோட்டில், குழியோரத்தில், இன்னும் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.